ஜூனோ-106: கருப்புப் பூச்சை உரித்து முடித்தாச்சு, நாலாவது வாய்ஸும் வந்தாச்சு

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு என் பழைய சின்தசைசரின் நாலாவது வாய்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு நோட்டை ஒலிக்கவைக்கும் சுற்று, மொத்தம் ஆறு) வாயைத் திறந்தது. மற்ற ஐந்தும் போன மாதமே சரியாகிவிட்டன, இது ஒன்றுக்காக ஐந்து வாரம் மல்லுக்கட்டினேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கருவி ரோலண்ட் ஜூனோ-106. 1984-இல் வந்த மாடல். மாமா மெல்லிசைக் குழுவில் வாசித்தது, சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. பல வருஷமாக மஞ்சக்குப்பம் வீட்டு மாடி அறையில் தார்ப்பாய் சுற்றிக் கிடந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் அந்த அறைக்குள் தண்ணீர் வந்தது, கட்டில்மேல் இருந்ததால் இது தப்பியது. ஆனால் கடல்காற்றிலிருந்து எதுவும் தப்ப முடியாது. கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்து, டெஸ்ட் மோடில் ஒவ்வொரு வாய்ஸாகத் தட்டிப் பார்த்தேன். இரண்டு ஊமை, ஒன்று கரகர, நாலாவது கையை எடுத்த பிறகும் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது.

காரணம் 80017ஏ சிப்தான், வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வாய்ஸுக்கு ஒன்றாக ஆறு. ஒலியின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரும் சத்த அளவை ஆளும் விசிஏவும் சேர்ந்த குட்டிப் போர்டு, அதன்மேல் கருப்பு எப்பாக்ஸி பூச்சு. வருஷக்கணக்கில் அந்தப் பூச்சு ஈரத்தை வாங்கி உள்ளுக்குள் மின்சாரத்தைக் கசியவிடுகிறது. உள்ளே இருக்கும் ஐசிகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், பூச்சுதான் கெட்டது. நகல் சிப்கள் வெளிநாட்டில் புதிதாகச் செய்து விற்கிறார்கள், வாங்கினால் வேலை சுலபம். எனக்குப் பழையதையே மீட்க ஆசை. நடுவில் ஆன்லைனில் ஒருவரிடம் "ஒரிஜினல், டெஸ்ட் செய்தது" என்று ஒரு சிப் வாங்கி ஏமாந்தேன். வந்தது என்னுடையதைவிட மோசம், பணமும் திரும்பவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

கழற்றுவதில் பெரிய விஷயம் இல்லை. ஈயத்தை உறிஞ்ச சக்கரும் விக்கும், கூடவே பொறுமை, அவ்வளவுதான். பழைய போர்டு என்பதால் ஈயம் முழுக்கப் போகாமல் சிப்பை ஆட்டக் கூடாது, ஆட்டினால் ட்ராக் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) தூக்கிக்கொள்ளும். திரும்ப வைக்கும்போது ஆறுக்கும் சாக்கெட் போட்டுவிட்டேன்.

விஷயமே அசிட்டோன்தான். நெயில் பாலிஷ் ரிமூவரை நம்பாதீர்கள், அதில் தண்ணீர், எண்ணெய், வாசனை எல்லாம் இருக்கும், இரண்டு நாள் ஊறப்போட்டும் பூச்சு அசையவில்லை. லேபுக்குக் கெமிக்கல் விற்கும் கடையில் சுத்தமான அசிட்டோன் அரை லிட்டர் வாங்கினேன். ஊறுகாய் வந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மூடியைத் திருகினால், மூடிக்குள் இருந்த லைனிங் கரைந்து பிசினாகி சிப்மேலேயே சொட்டியது! அப்புறம் வாயை அலுமினிய ஃபாயிலால் கட்டினேன். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு, கடலூர் வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் ஒரே மதியத்தில் பாதி காணோம். நிழலில் வைத்து, காலையும் மாலையும் அளவு பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் அடுப்பு, பீடி, சால்டரிங் அயர்ன் எதுவும் கூடாது.

மூன்றாம் நாள் பூச்சு ஊறிய தோல்மாதிரி உப்பிவரும். அப்போதும் இழுக்கக் கூடாது. மூங்கில் பல்குச்சியால் ஓரத்திலிருந்து நெம்பி, வராத இடத்தைத் திரும்ப ஊறப்போட்டு, மறுநாள் மறுபடி நெம்பி, இப்படியே போக வேண்டும். நாலாவது சிப்பில் நான் செய்த தப்பு, பாதி உரிந்த சந்தோஷத்தில் மீதியை ட்வீசரால் இழுத்தது. பூச்சோடு ஒரு ரெசிஸ்டரும் ஒரு துண்டு ட்ராக்கும் சேர்ந்து வந்துவிட்டன. மற்ற ஐந்தும் சுத்தமாக வந்தன, அவற்றின் பச்சைப் போர்டையும் அதில் ஃபில்டர் ஐசிமேல் ஐ.ஆர்.3109 என்ற எழுத்தையும் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி பெரியது.

அறுந்த ட்ராக்குக்குப் பழைய ரிலே காயிலிலிருந்து எடுத்த எனாமல் கம்பி. தலைமுடி கனம். முனையை அயர்னில் சுட்டு எனாமலை எரித்து, ஈயம் பூசி, பக்கத்து நல்ல சிப்பில் மீட்டர் வைத்து எந்தப் புள்ளி எங்கே போகிறது என்று வரைந்துகொண்டு ஒட்டினேன். மூன்று தடவை பிய்ந்தது. நாலாவது தடவை ஒட்டியதுதான் நேற்று பேசியது. ரெசிஸ்டர் சின்ன சைஸில் இங்கே கிடைக்கவில்லை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய்வந்த நண்பர் வாங்கிவந்தார். அவரிடமே பவர் சப்ளைக்கான கெப்பாசிட்டர்களையும் சொல்லியிருந்தேன். மாற்றியதும் அடியில் ஓடிக்கொண்டிருந்த ஹம் நன்றாகக் குறைந்தது.

இப்போது பிரீசெட் (போர்டில் ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் குட்டித் திருகு) திருப்பும் கட்டம். ஃபில்டரைத் தானே பாடவிட்டு ஒவ்வொரு வாய்ஸையும் 248 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர வேண்டும். அது முடிந்தால்தான் ஆறு வாய்ஸும் ஒரே குடும்பம்போல ஒலிக்கும். இல்லாவிட்டால் ஒரு கார்டு பிடித்தால் ஒரு நோட்டு பிரகாசமாகவும் அடுத்தது கம்பளி போர்த்தியதுபோலவும் கேட்கும். அரை மணி நேரம் சூடாகவிட்டுத்தான் திருப்ப வேண்டும், நேற்று மூன்றாவது வாய்ஸுக்கு வரும்போது கரண்ட் போய்விட்டது. இன்று முதலிலிருந்து.

கோரஸில் (ஒலியை அகலமாக்கும் எஃபெக்ட்) கை வைக்கவும் யோசனை இருக்கிறது. அதில் எம்.என்.3009 என்ற டிலே சிப் இரண்டு இருக்கின்றன, அந்த உஸ்ஸென்ற இரைச்சலைக் குறைக்க ஆட்கள் என்னென்னவோ செய்கிறார்கள். எனக்கு அந்த இரைச்சலோடுதான் ஜூனோ ஜூனோவாகக் கேட்கிறது. ஆகவே கப்ளிங் கெப்பாசிட்டர்களை மட்டும் மாற்றிப் பார்ப்பேன், சிப்பைத் தொட மாட்டேன். அதற்கு முன்னால் மெமரி பேட்டரியை மாற்ற வேண்டும். சி.ஆர்.2032தான், ஆனால் ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறது. மாமா போட்டுவைத்த பேட்ச்கள், அதாவது அவர் அமைத்துச் சேமித்த ஒலிகள், அந்த மெமரியில் இருக்கின்றன, முதலில் கேசட் அவுட் வழியாக லேப்டாப்பில் பதிந்துகொள்கிறேன்.

மாமா காலையில் போன் செய்தார். "என்னடா, பேசுதா?" என்றார். போனைக் கீபோர்டு பக்கத்தில் வைத்து ஆறு விரலில் ஒரு கார்டு பிடித்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நாலாவது இன்னும் கொஞ்சம் மந்தமா இருக்குடா" என்றார். நாலாவதுதான். ராத்திரி அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.