நான்கு பேரும் ஒருத்திதான்

“நீ இதுவரை உருவாக்கிய நான்கு பேரும் ஒரே ஆள்தான், கவனித்தாயா?”

போன குளிர்காலத்தில், அமெரிக்காவின் மில்வாக்கியில் ஒரு ஞாயிறு சாயங்காலம், எங்கள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்துகிற தோழி இதைக் கேட்டாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை உருவாக்கி, அந்த ஆளாகவே பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. அன்பாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஒருத்தி வாள் ஏந்திய மனுஷி, ஒருவன் எல்ஃப் மந்திரவாதி, ஒருத்தி குள்ளர் இனத்துப் பூசாரி, ஒருத்தி பூட்டுத் திறக்கும் ஹாஃப்லிங் திருடி. இனம் வேறு, தொழில் வேறு, ஆயுதம் வேறு. எப்படி ஒரே ஆளாக முடியும்?

இரவு வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. நால்வரும் “நீங்கள் சொல்வதும் சரிதான், அப்படியே செய்யலாம்” என்று பேசினார்கள். திருடிகூட அனுமதி கேட்டுவிட்டுத்தான் பூட்டில் கைவைத்தாள். அது என் அலுவலகக் குரல். இந்த ஊருக்கு வந்து எட்டு வருடமாக, யார் மனமும் நோகாமல், யாரும் இரண்டாம் முறை “என்ன சொன்னாய்?” என்று கேட்காமல் இருக்க நான் பழகிக்கொண்ட ஆங்கிலம். அதில் எனக்கு இருப்பது ஒரே ஒரு குரல்.

இதுதான் என் பெரிய குறை. தமிழில் எனக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்! “ஏனுங்” என்று ஒருவர் ஆரம்பித்தாலே கோயம்புத்தூர்ப் பக்கம். “வந்தாய்ங்க” என்றால் மதுரை. எங்கள் பாளையங்கோட்டையில் “ஏட்டி” என்று கூப்பிடும் தொனியிலேயே கோபமா கொஞ்சலா என்று தெரிந்துவிடும். ஒரு சொல்லில் ஊர், வயது, உறவு எல்லாம் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் அந்தச் சொத்து எதுவும் என் கையில் இல்லை.

பகடை எனக்குப் புதிதில்லை. முற்றத்தில் கட்டம் வரைந்து, பித்தளைத் தாயக்கட்டை உருட்டி வளர்ந்தவள். அதில் தாயம் விழுந்தால் காய் இறங்கும். இறங்கும் காய்க்குப் பேர் கிடையாது, குணமும் கிடையாது. இங்கே முதலில் ஆளைச் செய்ய வேண்டும். பலம், லாகவம், உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு தகுதிகள். எங்கள் மேசையில் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களைப் பிரித்துப் போட்டுக்கொள்வோம். நான் எப்போதும் அந்த 15ஐ எங்கே வைப்பது என்றுதான் கவலைப்பட்டேன். 8ஐ எங்காவது ஒளித்துவிடுவேன்.

ஆளைச் செய்வது அந்த 8தான் என்பது என் சித்தப்பாவை நினைத்தபோது புரிந்தது. அறிவு 15, விவேகம் 8. எந்த ரேடியோவையும் பிரித்து மாட்டுவார். யார் வந்து கேட்டாலும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போடுவார். இந்த ஆட்டம் அறிவையும் விவேகத்தையும் தனித்தனியாக வைத்திருப்பதை நான் விதி என்று மட்டும் நினைத்திருந்தேன். எங்கள் குடும்பமே அந்த இடைவெளியில்தான் பல வருடம் வட்டி கட்டியது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இன்னொரு நல்ல விஷயம் உண்டு. இயல்பு, இலட்சியம், பிணைப்பு, குறை என்று ஆளின் விவரம் எழுதும் தாளிலேயே நான்கு கட்டங்கள். மேசையில் மற்றவர்கள் பிணைப்புக் கட்டத்தில் பெரும்பாலும் இறந்துபோன பெற்றோரை எழுதுவார்கள். அநாதையாக்கிவிட்டால் சாகசத்துக்குக் கிளம்புவது சுலபம். எனக்கு அது கை வரவில்லை. அத்தை இல்லாத ஒரு ஆளை எப்படி எழுதுவது?

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உண்டாக்கிய ஆட்டம் இது. முதல் அச்சு 1000 பிரதிகள். கைகாக்ஸ் வாழ்ந்த லேக் ஜெனீவா இங்கிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். வசந்தத்தில் போய் ஏரிக்கரையில் நடந்தேன். எனக்குப் பிடித்த ஒன்று நான் குடியிருக்கும் மாநிலத்திலேயே பிறந்தது என்பதில் ஒரு சந்தோஷம், ‘சரி, இது நம்ம ஊர்தான்’ என்று தோன்றியது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தவள், ஐந்து நிமிடத்தில் தாமிரபரணிப் படித்துறையில் துணி துவைத்தபடி எதிர்க்கரையோடு சத்தமாகக் கதை பேசும் பெரியத்தையிடம் போய்ச் சேர்ந்திருந்தேன்.

பெரியத்தையைத்தான் ஐந்தாவது ஆளாகச் செய்தேன். குள்ளர் இனத்துப் பூசாரி, வசீகரம் 8. உச்சரிப்பை மாற்ற நான் முயலவில்லை. அது எனக்கு வராது. அதற்குப் பதில், அவள் எதைக் கேட்பாள், எதை எண்ணுவாள், எதற்கு மட்டும் சம்மதிக்கவே மாட்டாள் என்று யோசித்தேன். சில்லறையை மூன்று முறை எண்ணுவாள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி கேட்பாள். பிடிபட்ட கோப்ளின் என்ற குட்டி அரக்கனை மற்றவர்கள் மிரட்டிக்கொண்டிருந்தபோது, “இதுக்கு எப்போ கடைசியா சோறு போட்டாங்க?” என்று கேட்டு அதன் கட்டை அவிழ்த்துவிட்டாள். மேசையில் பெரிய சண்டை. தோழி பகடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இந்த நாட்டுக்கு வந்து முதல் முறையாக நான் ஆங்கிலத்தில் ஒருவரோடு வாயாடினேன்.

பிணைப்புக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். இங்கே ராத்திரி பத்து, அங்கே காலை எட்டரை.

“பெரியத்தை ராத்திரி கதவடைக்கும்போது ஏதோ சொல்லுவாங்களேம்மா, என்னது அது?”

“எதுக்குட்டி இப்ப அதக் கேக்க?”

“ஒரு விளையாட்டுக்கு.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “‘வெளிய ஆரும் நின்னா உள்ள வந்துருங்க, தாப்பா போடப் போறேன்’னு சொல்லுவா.”

ஆமாம், அதுதான். வாசலில் யாருமே இல்லாவிட்டாலும் அதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நிற்பாள். நாங்கள் பிள்ளைகள் அவளைப் போலவே சொல்லிக்காட்டிச் சிரிப்போம்.

“உங்க சித்தப்பா பதினாறு வயசுல பம்பாய்க்கு ஓடிப் போனான்லா, அன்னைக்கு ஆரம்பிச்சது” என்றாள் அம்மா. “ரெண்டு வருஷம் கழிச்சு அவன் திரும்பி வந்துட்டான். அவ நிறுத்தல.”

இது எனக்குத் தெரியாது. பென்சிலை எடுத்து, அந்தக் கட்டத்தில் தமிழிலேயே எழுதினேன்.