இரண்டு டாக்டர்களுக்கு நடுவில் ஒரு கடிதம்

ஏழு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். என் டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார், கண் பரிசோதனைக்கு அனுப்புவார், சிறுநீரகத்துக்கு டெஸ்ட் எழுதுவார். வாயைத் திறக்கச் சொன்னதே இல்லை. பல் தேய்க்கும்போது ரத்தம் வருவதை நானும் அவரிடம் சொன்னதில்லை. பல் விஷயத்தைப் போய் இவரிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கீழ்ப்பல் ஒன்று ஆட ஆரம்பித்த பிறகுதான் பல் டாக்டரிடம் போனேன். கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் ஆழம் பார்த்தார். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டே வந்தார். 3 மில்லிமீட்டர் வரை சரியாம். எனக்கு 5, 6, ஓரிடத்தில் 7. கம்பியைக் கீழே வைத்ததும் கேட்டார்: "சுகர் இருக்கா?"

"இருக்கு. அதுக்கும் பல்லுக்கும் என்ன?"

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு சீக்கிரம் கெடும். ஈற்றில் அழற்சி நீடித்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரை இன்னும் ஏறும் என்றார். அப்புறம் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் என்றதும் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். முன்பற்களுக்கு நடுவே ஈறு உருண்டு தடித்திருந்தது. அந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யுமாம். நான் வயசுக் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

"நீங்களா நிறுத்திடாதீங்க" என்று சொல்லி, என் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் ஈற்றின் அளவுகளும் இரண்டு கேள்விகளும் இருந்தன: மூன்று மாதச் சராசரி சர்க்கரை எவ்வளவு, அம்லோடிபினுக்குப் பதில் வேறு மாத்திரை தர முடியுமா.

"பல் டாக்டர் பிபி மாத்திரையை மாத்தச் சொல்றாரா?" என் டாக்டரின் முகம் சுருங்கியது. பிறகு மறுபடி படித்தார். டார்ச்சை எடுத்தார். "படிச்சதுதான். கேட்கணும்னு தோணுறதில்லை" என்றார். அந்த நேர்மை பிடித்திருந்தது. அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? பல் மருத்துவத்துக்கென்று உலகின் முதல் கல்லூரி 1840இல் பால்டிமோரில் மருத்துவக் கல்லூரியிலிருந்து தனியாகத்தான் தொடங்கியது. வாயை அன்றைக்கே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

மாத்திரையை மாற்றினார். பதிலை மட்டும் "நீங்களே சொல்லிடுங்க" என்றார். சம்மதிக்கவில்லை, எனக்கு மாத்திரைப் பெயரே வாயில் நுழையாது. மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு அமர்வில் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தார்கள். சில நாள் பல் கூசியது, அவ்வளவுதான்.

மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.4 சதவீதத்தில் இருந்தது, மூன்று மாதம் கழித்து 7.9. இந்தச் சிகிச்சையால் மூன்று, நான்கு மாதத்தில் சராசரியாக 0.4 அளவுக்குக் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்த மாதங்களில் நான் நடக்கவும் ஆரம்பித்திருந்தேன். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. பல் இன்னும் லேசாக ஆடத்தான் செய்கிறது.

போன தடவை பாதத்தைப் பார்த்து முடித்ததும், "ஈறு எப்படி இருக்கு?" என்று டாக்டரே கேட்டார். பல் டாக்டரின் கோப்பில்தான் இன்னும் அம்லோடிபின் என்றே இருந்தது. நான் சொல்லித் திருத்த வேண்டியிருந்தது.