பேரப்பிள்ளைக்குச் சொல்ல ஊர் பார்க்கக் கிளம்பினோம்

கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, கிடாரிப்பட்டி, கொங்கர் புளியங்குளம். மதுரையில் தபால் துறையில் வேலை பார்த்த காலமெல்லாம் இந்த ஊர்ப் பெயர்கள் என் கை வழியாகப் போய்க்கொண்டே இருந்தன. எந்தப் பை எந்தப் பக்கம் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அவற்றில் ஒரு ஊரிலும் கால் வைத்ததில்லை. காலையில் ஆபீஸ், மாலையில் அடுப்படி, நடுவில் பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் வைத்தியம். மதுரையை விட்டு வெளியே போனதென்றால் குலசாமி கும்பிடவும் கல்யாணம் காட்சிக்கும்தான்.

புரட்டாசியில் மகள் உண்டாகியிருக்கிற செய்தி வந்தது. சித்திரையில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தலைப்பிரசவம், நம் வீட்டில்தான். உறவுக்காரர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "இனிமே நீ எங்கயும் நகர முடியாது." பாசத்தில் சொன்னதுதான். ஆனால் எனக்கு அது நேர்மாறாகப் பட்டது. பிள்ளை வளரப் போவது பெங்களூரில். லீவுக்கு வரும். மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு "அம்மாச்சி, கதை சொல்லு" என்று கேட்கும். என் அம்மாச்சி எனக்குச் சொன்ன கதைகளில் பாதிக்கு மேல் அவள் போய்ப் பார்த்த இடங்கள். திருமங்கலத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்தது, வைகை மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்தது, விடியவிடியக் கூட்டத்தில் நின்றது. அவள் சொல்லும்போது மணல் காலில் ஒட்டும். என்னிடம் என்ன இருக்கிறது? தபால் பைகள்தான் இருக்கின்றன. பிள்ளை பிறப்பதற்குள் இந்தப் பக்கத்தை நடந்து பார்த்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "முதல்ல எந்த ஊரு?" என்றுதான் கேட்டார்.

முதலில் போனது கீழக்குயில்குடி. ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலை. தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைக்கு முன்னால் பிரிகிற வழி. ஊர் தாண்டியதும் சமணர் மலை நிற்கிறது. அடிவாரத்தில் அய்யனார் கோயில், விழுதிறங்கிய ஆலமரங்கள், தாமரைக் குளம். மழைக்குப் பிறகு குளம் நிறைந்து இலைகள் மேல் தண்ணீர் உருண்டுகொண்டிருந்தது. இரண்டு பேரும் குளத்தங்கரையில் உட்கார்ந்து கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டோம். இத்தனை பக்கத்தில் இப்படி ஒரு இடமா என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கோயிலுக்குப் பின்னால் பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. முழங்கால் வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம், நின்று நின்று ஏறலாம். பாதி மலையில் பேச்சிப்பள்ளம். சுனை ஒன்று, அதன் மேலே பாறை முகத்தில் வரிசையாகச் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலான வெயிலும் மழையும் அவற்றின் மேல் போயிருக்கின்றன, முகத்தில் அமைதி அப்படியே இருக்கிறது. சிற்பங்களுக்குக் கீழே பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். எனக்கு வட்டெழுத்துப் படிக்கத் தெரியாது. போவதற்கு முன்னால் படித்து வைத்திருந்த ஒரு பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போனேன்: குணமதியார். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாய். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் பல இடங்களில் அச்சணந்தியின் பெயர் கல்வெட்டில் வருகிறது. ஊர் ஊராக, மலை மலையாகப் போய் அறம் சொன்னவர். அந்த மகனைப் பெற்றவள் இங்கே ஒரு திருமேனியைச் செய்து வைத்து, அச்சணந்தியின் தாயார் என்று தன்னைச் சொல்லிக் கல்லில் ஏற்றியிருக்கிறாள்.

அங்கே வெகுநேரம் நின்றேன். அவள் எந்த ஊரில் பிறந்தாள், மகன் துறவு பூண்ட அன்றைக்கு என்ன செய்தாள், பேரப்பிள்ளை பார்க்கும் ஆசை அவளுக்கு இருந்ததா என்றெல்லாம் மனது ஓடியது. இதற்கெல்லாம் கல்லில் பதில் இல்லை. ஆனால் ஒரு தாய் இந்த மலைக்கு வந்திருக்கிறாள், தன் பெயரை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்பது போதுமானதாக இருந்தது. மகள் தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கும் நேரத்தில் இதைப் பார்த்ததை என் பாக்கியமாக நினைக்கிறேன். வீட்டுக்காரர் கீழே வரும்போது, "பேத்தி பொறந்தா குணமதின்னு வைக்கலாமே" என்றார். பெயர் வைப்பது மகளும் மருமகனும் செய்ய வேண்டியது, நாம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

மேலே இன்னும் ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் மிச்சம் இருக்கிறது. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு என்ற சமணக் குகை. அதற்குத் தனியாக இறங்கிச் சுற்றி வர வேண்டும். வெயில் ஏறுவதற்குள் இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் விடிந்ததும் வந்துவிடுவது நல்லது.

கார்த்திகையில் அரிட்டாபட்டி. மேலூர் போய் அங்கிருந்து ஆட்டோ. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்த்து 193 ஹெக்டேருக்கு மேல். அப்புறம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் மேலூர்ப் பக்கத்து ஊர்களெல்லாம் திரண்டு எழுந்ததும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததும் எல்லாருக்கும் தெரிந்த சேதி. தொலைக்காட்சியில் அந்த ஊர்ப் பெண்கள் பேசியதைப் பார்த்தபோதே ஒரு நாள் இங்கே வர வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

மலையடியில் குடைவரைச் சிவன் கோயில். கருவறையைப் பாறையைக் குடைந்தே எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் லகுலீசரின் சிற்பம், தமிழகத்தில் அபூர்வமாகத்தான் பார்க்கக் கிடைப்பது. அதே ஊரின் கழிஞ்சமலையில், தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழி பொறித்த குகைத்தளமும் தீர்த்தங்கரர் சிற்பமும் இருக்கின்றன. சிவன் ஒரு பாறையில், சமணர் ஒரு பாறையில், கருப்பசாமி ஆலமரத்தடியில். யாரும் யாரையும் இடம் மாற்றச் சொல்லவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தி வானத்தைக் காட்டினார். "அந்தா உச்சிப் பாறையைப் பாருங்கத்தா. ராசாளி." முதலில் ஒன்றும் தெரியவில்லை. பாறையோடு பாறையாக இருந்தது திடீரென்று கிளம்பி, இறக்கையை ஒரே வீச்சில் விரித்து, கண்மாய்க்கு மேலே சரிந்து போனது. அத்தனை வேகத்தை ஒரு பறவையில் நான் பார்த்ததே இல்லை. வல்லூறுகள் கூடு கட்டும் மலைகள் இவை என்று அவர் விளக்கினார். "பாறையை உடைச்சா அது எங்க போகும், நாங்க எங்க போவோம்?" என்றார். பக்கத்துக் கண்மாய் நிரம்பிக் கிடந்தது. பாறை மேல் விழும் மழை வழிந்து சுனைக்குப் போய், சுனை நிரம்பிக் கண்மாய்க்கு வந்து, கண்மாயிலிருந்து வயலுக்குப் போகிறது என்று கையால் கோடு போட்டுக் காட்டினார். மலையை இழந்தால் தண்ணீரை இழப்பார்கள் என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் முழுதாகப் புரிகிறது. நாங்கள் புறப்படும்போது ஏன் இந்த வயசில் இப்படிச் சுற்றுகிறீர்கள் என்று கேட்டார். பேரப்பிள்ளைக்குக் கதை சேர்க்கிறோம் என்றேன். "பிள்ளை நடக்க ஆரம்பிச்சதும் கூட்டியாங்க, ராசாளியை நான் காட்டுறேன்" என்றார்.

பொங்கலுக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவளைக் கீழடிக்குக் கூட்டிப் போனோம். மதுரையிலிருந்து சிலைமான் தாண்டிச் சிறிது தூரம்தான், சிவகங்கை மாவட்டத்தில் வருகிறது. அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடுபோல முற்றமும் தூண்களும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உட்கார இடம் இருப்பதால் கர்ப்பிணிகள் நிதானமாகப் பார்க்கலாம்.

கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை பின்னால் போகிற ஊர் என்று எத்தனையோ முறை செய்தியில் படித்திருக்கிறோம். நேரில் பார்க்கும்போது காலக்கணக்கு மறந்துபோய், வீட்டுச் சாமான்கள்தான் கண்ணில் நிற்கின்றன. நூல் நூற்ற தக்களி. தந்தச் சீப்பு. சங்கு வளையல் துண்டுகள். கண்ணாடி மணிகள். தேய்ந்த பகடை. மகள் வெகுநேரம் நின்றது வட்டச்சில்லுகள் முன்னால். உடைந்த பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கியவை. "அம்மா, இது நாங்க பாண்டி விளையாடின சில்லு!" என்றாள் சத்தமாக. எங்கள் தெருவில் ஓட்டாஞ்சில்லைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து அவள் வைத்திருந்தது எனக்கும் ஞாபகம் வந்தது. பானைகளில் ஆதன், குவிரன் ஆதன் என்று பெயர்கள் கீறியிருக்கின்றன. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் நாம் பெயர் வெட்டி வாங்குவதுபோலத்தான். மருமகன் அந்தத் தமிழி எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் காற்றில் எழுதிப் பார்த்தார். அந்த நேரத்தில் மகள் என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். பிள்ளை துள்ளியது. எத்தனை பேர் சுற்றிலும் நின்றார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம் வீடு முழுக்க வளைகாப்பு வேலை. கீழமாசி வீதியில் சுக்கு, திப்பிலி, வசம்பு, ஓமம். விளக்குத்தூண் பக்கம் கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையும். புதுமண்டபத்தில் இருந்த வளையல், பாத்திரக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டதால், பழைய நினைப்பில் வருபவர்கள் அங்கே போக வேண்டும். தூளி கட்ட மட்டும் கடைக்குப் போகவில்லை. என் பெட்டியில் இருந்த பழைய சுங்குடிச் சேலைகளை எடுத்தேன். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரப் பெண்கள் விரலால் ஒவ்வொரு புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சேலை. துவைக்கத் துவைக்க மெதுவாகும். பச்சைப்பிள்ளை உடம்புக்கு அதைவிட நல்ல துணி இல்லை. இதில் என் மகளும் கிடந்து தூங்கியிருக்கிறாள்.

தை முடிவதற்குள் ஏழாம் மாத வளைகாப்பு. முகூர்த்த நாள், மல்லிகை விலை ஏறித்தான் இருந்தது. ஆனாலும் வீட்டுக்காரர் விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போய்க் கூடை நிறைய வாங்கி வந்தார். முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு கண்ணாடி வளையல். அவள் அத்தை சந்தனம் தடவ, தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வளையல் அடுக்கினார்கள். ஏழு வகைச் சாதம் செய்திருந்தோம். புளியோதரையைத்தான் மகள் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். ஆரத்தி எடுத்து முடித்ததும் பெண்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அப்போது மகள் சில்லுகளைப் பற்றிச் சொல்ல, நான் ராசாளியைப் பற்றிச் சொல்ல, குணமதியாரைப் பற்றிச் சொல்ல, பேச்சு எங்கெங்கோ போனது. சின்னப்பிள்ளைகள் வந்து மடியில் உட்கார்ந்துகொண்டன. அந்தக் கூடத்திலேயே நான் அம்மாச்சி ஆகிவிட்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அடுத்து எங்க மதினி?" என்றார்.

போடி ரயில் என்றேன். மீட்டர் கேஜ் வண்டி 2010-இல் நின்று, அகலப்பாதை போட்டு, 2023 ஜூனில்தான் மறுபடி மதுரையிலிருந்து போடி வரை ரயில் ஓடத் தொடங்கியது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் மலைகளுக்கு நடுவே போகும், தேனியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும், காலையில் ஏறினால் அன்றைக்கே திரும்பிவிடலாம் என்றெல்லாம் சொன்னேன். மாசியில், வெயில் கொளுத்துமுன் போய்விட வேண்டும். பங்குனி பிறந்தால் மகளை விட்டு நான் நகர மாட்டேன். அன்றைக்கு ஒரு நாள் அவளோடு இருக்க என் தங்கை வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

சம்பந்தியம்மா காலண்டரைப் பார்த்தார். "நானும் அப்பத்தாவாகப் போறவதான? என்னையும் கூட்டிட்டுப் போங்க. புளிச்சாதம் நான் கட்டியாறேன். தயிர்ச்சாதம் நீங்க கொண்டாங்க. ஊறுகாய்க்கு அண்ணனைச் சொல்லுங்க."