எந்தப் பக்கம் குடியேறுவது?

நடுத்தர அளவு ஊர் ஒன்றுக்குக் குடிபோகிறவரிடம் அந்த ஊர்க்காரர்கள் தவறாமல் சொல்வது இது: "இங்கே எங்கேயிருந்து எங்கே போனாலும் 20 நிமிஷம்தான்." பொய்யில்லை. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கணக்கு. அதை நம்பி வீடு பிடித்தவர்கள் திங்கட்கிழமை காலை பாலத்தின் மேல் நின்றுகொண்டிருப்பார்கள்.

சில லட்சம் பேர் வாழும் ஊரில் தூரம் பெரிய விஷயமில்லை. குறுக்கே என்ன கிடக்கிறது என்பதுதான் விஷயம். ஓர் ஆறு, ஒரு ரயில் பாதை, ஒரு பைபாஸ் சாலை. இவை ஊரைத் துண்டு போட்டிருக்கும். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக இரண்டு மூன்று வழிகள்தான் இருக்கும். ஆகவே வீட்டு விளம்பரங்களைத் தொடும் முன் ஊரின் வரைபடத்தை ஒரு தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஆறு, பெரிய வாய்க்கால், ரயில் பாதை, நடுவே தடுப்புச்சுவர் உள்ள நெடுஞ்சாலை, பெரிய தொழிற்சாலை வளாகம் என்று நடந்து குறுக்கே போக முடியாத எல்லாவற்றையும் தடித்த பேனாவால் இழுங்கள். கடக்க முடிகிற இடங்களுக்கு மட்டும் வட்டம் போடுங்கள்: பாலம், சுரங்கப்பாதை, ரயில்வே கேட். பிறகு வேலையிடம், பள்ளி, மருத்துவமனை, வாரம் இரண்டு முறையாவது போகவேண்டியிருக்கும் வேறு இடங்கள் எல்லாவற்றுக்கும் புள்ளி வையுங்கள். பெரும்பாலான புள்ளிகள் விழும் துண்டில் தேடலைத் தொடங்குங்கள். இப்படிச் சலித்தால் நாலைந்து பகுதிகள்தான் மிஞ்சும். இரண்டு வார இறுதிகளில் அத்தனையையும் நடந்தே பார்த்துவிடலாம். பெருநகரத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

8 மணிக்குக் காலியாகக் கிடந்த பாலம் 8.30க்கு ஏன் அடைத்துக்கொள்கிறது? அமெரிக்கப் பொதுச் சாலைகள் துறை 1964இல் வெளியிட்ட ஒரு சூத்திரத்தைப் போக்குவரத்துப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சாலையின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் வண்டிகள் எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த எண்ணின் நான்காம் அடுக்கில் தாமதத்தை ஏற்றுகிறது அது. கொள்ளளவில் 80 சதவீதம் வண்டிகள் இருந்தால் பயண நேரம் சுமார் 6 சதவீதம் கூடும். கொள்ளளவு நிரம்பும்போது 15 சதவீதம். ஒன்றரை மடங்கானால் 76 சதவீதம். தோராயமான சூத்திரம்தான், ஆனால் ஏறுமுகத்தின் வடிவம் சரி: கடைசியாக வந்து சேரும் கொஞ்ச வண்டிகள்தான் எல்லாவற்றையும் கெடுக்கின்றன. அந்தக் கொஞ்ச வண்டிகளில் பல பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகிறவை. அதனால் பள்ளி விடுமுறையில் போய்ப் பார்த்து "டிராஃபிக்கே இல்லையே" என்று முடிவெடுப்பது வீண்.

காலையில் கூட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் பாலத்தருகே அரை மணி நேரம் நின்று பாருங்கள். எதிர்த்திசையில் போகிற மாதிரி வீடு அமைந்தால் 8 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும், கூட்டத்தோடு போகிற 4 கிலோமீட்டரைவிட நிம்மதி. வேலையிடம் ஊரின் விளிம்பில் இருந்தால் இது எளிதாக அமையும். அப்படிப்பட்டவர்கள் ஊர் நடுவில் வீடு தேடலாம்.

ரயில்வே கேட் தனிக்கதை. ஒரு மணி நேரத்தில் 3 முறை, முறைக்கு 6 நிமிடம் கேட் மூடுகிறது என்று வைத்துக்கொண்டால், மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 30 சதவீதம். மாட்டினால் சராசரியாக 3 நிமிடம் காத்திருக்க வேண்டும். சராசரிப் பார்வையில் ஒரு தடவை கடக்க ஒரு நிமிடத் தாமதம்கூட ஆகாது. ஆனால் அலுவலகத்துக்குச் சராசரியாக நேரத்தில் போனால் போதாதே. 6 நிமிடமும், கேட் திறந்தபின் வரிசை கரையும் நேரமும் சேர்த்து தினமும் முன்கூட்டியே கிளம்ப வேண்டும். கேட்டைத் தாண்டிப் போகவேண்டிய வீடு என்றால் மோசமான நாளின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மேம்பாலம் வரப்போகிறது என்று தரகர் சொல்வார். தூண் எழும்பியிருந்தால் மட்டும் நம்பலாம். அப்போதும் கட்டி முடியும் வரை அந்த வழி இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

வாடகையையும் பயண நேரத்தையும் ஒரே தட்டில் வைக்க ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. ஒரு வழிப் பயணத்தில் 1 நிமிடம் கூடினால் போக வர 2 நிமிடம்; ஆண்டுக்கு 240 வேலைநாள் என்றால் 480 நிமிடம், அதாவது 8 மணி நேரம். ஒரு நிமிடத்துக்கு ஆண்டில் ஒரு முழு வேலைநாள் போகிறது. 15 நிமிடம் தள்ளியிருக்கும் மலிவான வீட்டில் மிச்சமாகும் ஆண்டு வாடகையை உங்கள் 15 நாள் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள், எரிபொருளைத் தனியாகச் சேர்த்து. பல "மலிவு" வீடுகள் இந்த இடத்தில் தோற்றுவிடும். எல்லாம் தோற்காது; வீட்டிலிருந்தே பாதி வாரம் வேலை செய்கிறவருக்குக் கணக்கு அப்படியே பாதியாகிவிடும்.

நடை தூரத்துக்கு நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று வையுங்கள். 400 மீட்டர் 5 நிமிடம். விளம்பரங்களில் வரும் "பேருந்து நிறுத்தம் 300 மீட்டர்" பெரும்பாலும் காக்கை பறக்கும் தூரம். அலைபேசி வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரத்தையும் நடைவழித் தூரத்தையும் எடுத்து இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். தெருக்கள் ஒழுங்காக இணைந்த பகுதியில் விடை 1.2, 1.3 என்று வரும். 1.5ஐத் தாண்டினால் நடுவில் ஏதோ மறிக்கிறது: மதில், முட்டுச்சந்து, வாய்க்கால். மதிலைத் தாண்டினால் கடை, ஆனால் சுற்றிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் என்கிற வீடுகள் எந்த ஊரிலும் உண்டு.

பேருந்தை நம்புகிறவர்கள் நிறுத்தம் எவ்வளவு பக்கம் என்று பார்ப்பதற்கு முன் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று பாருங்கள். நேரம் பார்க்காமல் போய் நின்றால் இடைவெளியில் பாதி சராசரியாகக் காத்திருப்பு. 10 நிமிட இடைவெளி என்றால் 5 நிமிடம், அரை மணி என்றால் 15. நடுத்தர ஊர்களில் வழித்தடங்கள் சக்கரத்து ஆரக்கால் போல எல்லாம் மையத்துக்கே ஓடும். பக்கத்துப் பகுதிக்குப் போகக்கூட மையம் போய் மாற வேண்டிவரும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை எத்தனை முறை என்ற இரண்டையும் அட்டவணையில் பார்த்துவிட்டால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.

இனி தண்ணீர். வரைபடத்தில் தடித்த கோடாக இழுத்த ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் மனிதர்களை மட்டுமல்ல, மழைநீரையும் மறிக்கின்றன. மேடாக எழுப்பிய பாதைக்குக் கீழே நீர் போக ஒருசில மதகுகள்தான் இருக்கும். மேட்டிலிருந்து நீர் வந்து சேரும் பக்கம் முதலில் தேங்கும். மதகில் குப்பை அடைத்திருந்தால் சாதாரண மழைக்கே தேங்கும். "இங்கே நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெள்ளம்" என்று யாராவது சொன்னால், அதன் பொருள் ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதே. 30 ஆண்டு கடனில் வீடு வாங்கினால் அதற்குள் ஒரு முறையாவது வெள்ளம் வர 26 சதவீத வாய்ப்பு, நாலில் ஒன்றுக்கும் சற்று மேல்.

அலைபேசி காட்டும் உயரத்தை இதற்கு நம்ப வேண்டாம். பல மீட்டர் பிசகும். தெரு சொல்லும். பழைய வீடுகளுக்குப் புதிதாக உயர்த்திய படி, இரும்புக் கதவின் அடியில் மட்டும் துரு, மரக்கதவின் கீழ்ப்பகுதி உப்பல், மதில் நெடுக ஒரே மட்டத்தில் ஓடும் கறை, சுவரில் வழக்கத்துக்கு மேல் உயரத்தில் வைத்த மின் பிளக்குகள் என்று எல்லாம் சாட்சி. பகுதியின் பழைய பெயரில் குளம், ஓடை, பள்ளம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருந்தால், எந்த மொழியானாலும், அது நினைவூட்டல்தான். முடிந்தால் பலத்த மழை பெய்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ப் பாருங்கள். நீர் நிற்கும் இடங்களை யாரும் மறைக்க முடியாத நேரம் அது.

குடிநீர் அழுத்தம் மேட்டுக்கும் குழாயின் கடைசிக்கும் குறையும். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கழியும். நேரடியாகக் குழாயில் நீர் வரும் வீடென்றால், எல்லோரும் குளிக்கும் காலை 7 மணிக்கு இரண்டு குழாய்களை ஒருசேரத் திறந்து பாருங்கள்.

சத்தத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம், ஏனென்றால் வீடு பார்க்கப் போவது பகலில். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட பரிந்துரையில், சாலைச் சத்தம் இரவில் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. ஓயாமல் வண்டி ஓடும் சாலையிலிருந்து தூரம் இரட்டிப்பானால் குறைவது 3 டெசிபல் மட்டுமே. 20 மீட்டரிலிருந்து 40க்குத் தள்ளிப்போயும் பெரிய மாற்றம் தெரியாது. நடுவில் இடைவெளியில்லாத கட்டட வரிசை நின்றால் அதைவிடப் பல மடங்கு பலன். ஆகவே திறந்த மைதானத்துக்கு அப்பால் 100 மீட்டரில் உள்ள வீட்டைவிட, கடைவரிசைக்குப் பின்தெரு வீடு அமைதியாக இருக்கலாம். அலைபேசிச் செயலி துல்லியமில்லை, ஆனால் ஒரே அலைபேசியால் இரண்டு இடங்களை ஒப்பிடலாம். ஏற்றம், சிக்னல், வேகத்தடை மூன்றையும் கவனியுங்கள்; லாரி கியர் மாற்றி உறுமும் இடங்கள் இவை. இரவு 11 மணிக்கு ஒரு முறை போகாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

குப்பைக்கிடங்கு, கழிவுநீர் நிலையம் பக்கமிருந்தால் விடிவதற்கு முன் போங்கள். காற்றில்லாத இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழேயே தங்குவதால் நாற்றம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறியதும் கலைந்துவிடும், வீடு காட்ட உங்களை அழைக்கும் நேரமும் அதுதான்.

யாரைக் கேட்பது? பக்கத்து வீட்டுக்காரர் தம் தெருவை விட்டுக்கொடுக்க மாட்டார். பார்சல் கொண்டுவருகிறவர், தபால்காரர், மருந்துக்கடைக்காரர் ஆகியோருக்குப் பல தெருக்களை ஒப்பிடத் தெரியும். "ஏரியா நல்லதா?" என்றால் "நல்லதுதான்" என்பார்கள். "கடைசியாக மின்சாரம் எப்போது போச்சு, எவ்வளவு நேரம்?" என்றால் பதில் கிடைக்கும். ஒரே தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்தாற்போல் காலியாக இருந்தால் காரணத்தைக் கேட்காமல் நகராதீர்கள். கல்லூரி ஊராக இருந்தால் தேர்வு முடிந்த மாதத்தில் இப்படிக் காலியாவது சகஜம்.

புதிய குடியிருப்புகளில் வாடகை குறைவு, அறைகள் பெரிது. கூடவே காலி மனைகளும் வரும். ஒவ்வொரு காலி மனையும் இனி வரப்போகும் கட்டட வேலை. உங்கள் சன்னல் வெளிச்சம் அந்த மனைக்காரர் கையில் இருக்கிறது. நகரத் திட்ட வரைபடத்தில் புள்ளிக்கோடாகப் போட்டிருக்கும் வெளிவட்டச் சாலை வீட்டுக்குப் பின்னால் போகிறதா என்று பார்க்க ஒரு மணி நேரம் போதும்.

அளவுகோல்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுக் கூட்டும் அட்டவணைகள் மீது எனக்கு நம்பிக்கையில்லை. மனசுக்குப் பிடித்த வீடு ஜெயிக்கும்வரை எண்களைத் திருத்திக்கொண்டே இருப்போம். அதற்குப் பதில் மூன்று விலக்குகள் எழுதிவையுங்கள்: நீர் தேங்கும் தெரு, உங்கள் எல்லையைத் தாண்டும் பயண நேரம், தூங்கவிடாத இரவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீடு எவ்வளவு அழகானாலும் அடித்துவிடுங்கள். முதல் ஒப்பந்தம் 6 மாதத்துக்குக் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தும் எடுக்கலாம். அந்த 6 மாதத்தில் ஒரு மழைக்காலம் அடங்கினால் இன்னும் நல்லது. வாங்குகிற எண்ணம் இருப்பவர்கள் அதற்கு முன் கையெழுத்தே போட வேண்டாம்.

கடைசியில் இரண்டு பகுதிகள் சரிக்குச் சரி நின்றால், வேலையிடத்துக்குக் கிழக்கே இருப்பதை எடுங்கள். காலையில் மேற்கே போவீர்கள், மாலையில் கிழக்கே திரும்புவீர்கள். இரண்டு வேளையும் வெயில் முதுகில்தான் விழும். மேற்கே வீடெடுத்தவருக்கு இரண்டு வேளையும் கண்ணில்.