பகலில் காலண்டர், இரவில் கேம்: ஒரே டெஸ்க்டாப் வாங்கிய அனுபவம்

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளியாகும். அதன் பிறகு டிசம்பர்வரை டிசைனர்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. 2024-இல் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3. அதற்குள் புது கம்ப்யூட்டர் வந்துவிட வேண்டும் என்று ஜூலைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். பழையதில் 16 ஜிபி ராம்தான். பெரிய பேனர் ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டு தெருமுனைக்குப் போய் டீ குடித்து வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும்.

பகலில் காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், அவ்வப்போது ஃப்ளெக்ஸ். ராத்திரி பத்து மணிக்கு மேல் சித்தப்பா பையனோடு வேலரண்ட் கேம், தனியாக இருந்தால் எல்டன் ரிங். இந்த இரண்டாவது வேலையை வீட்டில் யாரும் வேலையாகவே மதிப்பதில்லை, அது வேறு விஷயம். வாங்கப்போவது ஒரே பெட்டி என்பதால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. மானிட்டரையும் சேர்த்து ஒன்றே கால் லட்சத்துக்குள் முடிக்கலாம் என்று நினைத்தேன்.

மேக் மினி வாங்கு என்று ஒரு நண்பர் சொன்னார். ஃபோட்டோஷாப்புக்கு அது அருமையான பெட்டிதான். ஆனால் எங்கள் ஊரில் பாதி வேலை கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் நடக்கிறது. பிரஸ்ஸிலிருந்து வரும் அதன் சிடிஆர் ஃபைல் பத்துப் பதினைந்து வருடப் பழைய பதிப்பில் இருக்கும், அதற்குள் யூனிகோட் வருவதற்கு முந்தைய தமிழ் ஃபான்ட் இருக்கும். மேக்குக்கும் 2019 முதல் கோரல்டிரா கிடைக்கிறது என்றாலும், பதினைந்து வருடப் பழக்கத்தைச் சீசன் நேரத்தில் மாற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. தவிர, வேலரண்ட் மேக்கில் கிடையாது. பேச்சு அத்தோடு முடிந்தது.

மதுரையிலும் சென்னையிலும் சில கடைகளில் வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் கேட்டேன். வந்தவை எல்லாம் ஒரே மாதிரி இருந்தன: பெரிய கிராஃபிக்ஸ் கார்டு, ஏழு வண்ணத்தில் எரியும் ஃபேன்கள், 16 ஜிபி ராம், கடைசி வரியில் “24 இன்ச் மானிட்டர்” என்று ஒரு வார்த்தை. எந்த மானிட்டர் என்று கேட்டால், “எதுவா இருந்தா என்னண்ணே, எல்லாம் 165 ஹெர்ட்ஸ்தான். ஃபோட்டோஷாப் பறக்கும் பாருங்க” என்று பதில் வந்தது. ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் என்ற கணக்கு.

கேமுக்குக் காசை எங்கே கொட்ட வேண்டும் என்று அந்தக் கடைகளுக்கு நன்றாகத் தெரிகிறது. டிசைனுக்குத் தேவைப்படும் இடம் வேறு. ஃபோட்டோஷாப்பும் இல்லஸ்ட்ரேட்டரும் பெரும்பாலான வேலைகளில் பிராசஸரின் ஒன்றிரண்டு கோர்களைத்தான் முழுதாகப் பயன்படுத்துகின்றன. அதனால் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம்தான் முக்கியம். அதற்கடுத்தது ராம். கிராஃபிக்ஸ் கார்டு சில ஃபில்டர்களுக்கும், கேன்வாஸைப் பெரிதாக்கி நகர்த்தும்போதும் உதவும். அதற்கு நடுத்தரக் கார்டே தாராளம்.

ராம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு பேனரை வைத்துக் கணக்குப் போட்டேன். 20 அடிக்கு 10 அடி ஃப்ளெக்ஸ், 100 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 100 புள்ளி) என்றால் 24,000 பிக்சலுக்கு 12,000 பிக்சல். மொத்தம் 28.8 கோடி பிக்சல். அச்சுக்கான நான்கு மை வண்ணமுறையான சிஎம்ஒய்கே-யில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். ஆக ஒரு முழு லேயருக்கு மட்டும் சுமார் 1.15 ஜிபி. மாப்பிள்ளை படம், பெண் படம், பின்னணி, பூ, பூவுக்கு நிழல் என்று லேயர் ஏற ஏற 16 ஜிபி எந்த மூலைக்கு? இத்தனைக்கும் ஃப்ளெக்ஸை 72 டிபிஐ-யிலேயே முடிப்பவர்கள் நிறைய. எனக்கு மனம் வருவதில்லை.

கேமுக்கு அன்றைக்கு 16 ஜிபி போதும், 32 இருந்தால் தாராளம். வேலைக்கு 64 வேண்டும். “இப்ப 32 போடுங்க, அப்புறம் இன்னொரு ஜோடி சேர்த்துக்கலாம்” என்றுதான் எல்லாக் கடையிலும் சொன்னார்கள். முந்தைய தலைமுறை ராமான டிடிஆர்4 காலத்தில் அது நல்ல யோசனை. அடுத்த தலைமுறையான டிடிஆர்5 மதர்போர்டில் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் ராம் வேகத்தைக் கணிசமாகக் குறைக்க வேண்டி வரும். இரண்டு ஸ்டிக் 6000 வேகத்தில் ஓடும் இடத்தில் நான்கு ஸ்டிக் ஓடும் என்று உறுதி கிடையாது. அதனால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டை ஒரேயடியாக வாங்குவது என்று தீர்மானித்தேன்.

எல்லாவற்றையும்விட அதிகமாக மண்டையைக் குடைந்தது மானிட்டர்தான். மற்ற பாகங்களில் வேலையும் கேமும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கும், ஏதோ ஒரு புள்ளியில் சமரசம் செய்துகொள்ளலாம். மானிட்டரில் இரண்டும் ஒரே கண்ணாடி வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதனால் முதலில் மானிட்டர், அதற்கேற்ற கார்டு, மீதியில் மற்றது என்று கொட்டேஷனைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன்.

27 இன்ச் திரையில் 1080பி (1920-க்கு 1080 பிக்சல்) வைத்தால் ஒரு இன்ச்சுக்கு 82 பிக்சல்தான். சின்ன எழுத்து உடைந்து தெரியும். நாள்காட்டித் தாளில் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் எறும்பு சைஸில் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். 1440பி (2560-க்கு 1440) என்றால் 109 பிக்சல், கண்ணுக்கு நிம்மதி. ஆனால் கேமுக்கு அது கூடுதல் சுமை: 20.7 லட்சம் பிக்சலுக்குப் பதிலாக 36.9 லட்சம் பிக்சலை ஒவ்வொரு ஃபிரேமிலும் கார்டு வரைந்து தள்ள வேண்டும்.

அடுத்தது பேனல், அதாவது திரையின் வகை. நேரில் பார்க்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனபோது முதலில் காட்டியது வளைந்த விஏ பேனல். இருட்டுக் காட்சிகளில் கறுப்பு நல்ல கறுப்பாக இருந்தது, எல்டன் ரிங்குக்கு அருமையாக இருக்கும். ஆனால் தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் நிழல் பகுதிகளின் அடர்த்தி மாறுகிறது. லேபிளின் நேர்கோடு வளைவில் நேராக இருக்கிறதா, இல்லையா என்று சந்தேகம் வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு பார்த்தது தட்டையான ஐபிஎஸ் பேனல், 165 ஹெர்ட்ஸ், வைட் காமட். இந்த வைட் காமட் விஷயத்தைக் கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள், அதில் உள்ள சிக்கலைச் சொல்ல மாட்டார்கள். இப்போது வரும் பல கேமிங் மானிட்டர்கள் வழக்கமான வண்ண அளவான எஸ்ஆர்ஜிபி-யைவிட அதிக வண்ணங்களைக் காட்டும். கேம் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி அளவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும், விண்டோஸும் சும்மா விட்டால் அதைத் திருத்தாது. அதனால் எல்லா வண்ணமும் ஒரு படி தூக்கலாகத் தெரியும். கேமில் அது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். காலண்டரில் அதே தூக்கல் ஆளைக் கவிழ்த்துவிடும். முருகனின் மயில் நீலத்தைத் திரையில் பார்த்து வாடிக்கையாளர் மயங்குவார். ஆஃப்செட் அச்சில் சயான் மையும் மெஜன்டா மையும் சேர்ந்து அந்த நீலத்தைத் தரவே முடியாது. அச்சு வந்ததும் “மயில் ஏன் இப்படி வாடிக் கிடக்கு?” என்று என்னிடம்தான் கேட்பார்.

ஆகவே எனக்கு வேண்டியது இரண்டு முகம் உள்ள மானிட்டர். எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றினால் வண்ணம் அடங்க வேண்டும், அந்த மோடில் பிரைட்னஸையும் நான் மாற்ற முடிய வேண்டும். பல மானிட்டர்களில் எஸ்ஆர்ஜிபி மோடு போட்டதும் பிரைட்னஸ் பூட்டிக்கொள்ளும். இது பெட்டியின் மேல் எழுதியிருக்காது, மெனுவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். பென் டிரைவில் ஒரு பழைய மயில் ஃபைலையும், அதே மயில் அச்சான தாளையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். கடையின் நீல வெளிச்ச எல்இடி-யில் தாளைப் பார்ப்பது வீண். வாசலுக்குப் போய் வெயிலில் தாளைப் பார்ப்பேன், உள்ளே வந்து திரையைப் பார்ப்பேன். கடைப் பையன் முதலில் சிரித்தான், அப்புறம் அவனே இன்னொரு மாடலை எடுத்து வந்து, “அண்ணே, இதுல பிரைட்னஸ் லாக் ஆகல, பாருங்க” என்றான். அதைத்தான் எடுத்தேன். 24 ஆயிரம் ஆனது. மொத்தப் பட்ஜெட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

மானிட்டர் முடிவானதும் கார்டு. மார்க்கெட்டில் அப்போது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, 4060 டிஐ, 4070 என்று படிப்படியாக விலை ஏறியது. அதே ரேஞ்சில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7700 எக்ஸ்டி-யும் இருந்தது, சுத்தமாகக் கேமுக்கு மட்டும் என்றால் 4060-ஐவிட அது வேகம், மெமரியும் 12 ஜிபி. பட்டாசுப் பெட்டியை முப்பரிமாணத்தில் காட்ட அவ்வப்போது பிளெண்டர் திறப்பேன். அதில் என்விடியா கார்டுகள்தான் வேகம். எல்டன் ரிங் 60 ஃபிரேமுக்கு மேல் போகாதபடி பூட்டப்பட்ட கேம். வேலரண்ட் எந்தக் கார்டிலும் ஓடும். நான் ஆடாத கேமுக்காக இருபதாயிரம் கூடப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. 8 ஜிபி 4060-ஐயே எடுத்தேன். புதுக் கேம்களை எல்லா செட்டிங்கையும் உச்சத்தில் வைத்து 1440பி-யில் ஆட நினைப்பவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம், 8 ஜிபி அவர்களுக்குப் பத்தாது.

4060 எடுத்ததற்கு இன்னொரு காரணம் எங்கள் ஊர் வெயில். அந்தக் கார்டு 115 வாட்ஸ்தான் இழுக்கும். ஒரு கடையில் இன்டெல் ஐ7 14700கே போடச் சொல்லி வற்புறுத்தினார்கள். முழு வேகத்தில் 253 வாட்ஸ்வரை போகும் பிராசஸரை ஏசி இல்லாத அறையில், மே மாதச் சிவகாசியில் வைத்து என்ன செய்வது? சரியாக அந்த ஜூலையில்தான் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் வோல்டேஜ் அதிகமாகப் போய் நிலைகுலைவதாக இன்டெலே ஒப்புக்கொண்டது. பின்னால் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தார்கள் என்றாலும், அந்த வாரத்தில் வாங்க யாருக்கு மனம் வரும்? 65 வாட்ஸ் ஏஎம்டி ரைசன் 5 7600 போதுமென்றேன். 5.1 கிகாஹெர்ட்ஸ்வரை போகும், ஃபோட்டோஷாப்புக்கு வேண்டியது அதுதான். அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-க்குப் பிறகும் புதுப் பிராசஸர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால் போர்டை மாற்றாமல் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டி டிஸ்க் மட்டும் வேண்டுமென்றே இரண்டாகப் பிரித்து வாங்கினேன். ராம் நிரம்பினால் ஃபோட்டோஷாப் டிஸ்க்கைத்தான் தற்காலிக இடமாக எடுத்துக்கொள்ளும். கேம் ஒவ்வொன்றும் 70, 100 ஜிபி என்று அந்த டிஸ்க்கில் உட்கார்ந்திருந்தால், வேலை நடுவில் “ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்” என்று முகத்தில் அடிக்கும். இப்போது 1 டிபி வேலைக்கு, 1 டிபி கேமுக்கு, ஒன்றின் இடத்தில் இன்னொன்று கை வைக்காது. கேபினெட் முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலை போட்டது, தூசிக்குக் கழற்றிக் கழுவும் ஃபில்டர் உள்ளது. மொத்தம் 1,28,000 ஆனது. ஜிஎஸ்டி இல்லாமல் குறைத்துத் தருகிறோம் என்று இரண்டு கடைகளில் சொன்னார்கள். சீரியல் நம்பரோடு பில் இல்லாவிட்டால் நாளை வாரண்டிக்கு யாரிடம் போய் நிற்பது? ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு அந்த 18 சதவீதம் பெரும்பாலும் வரவு வைக்கப்படும்.

அசெம்பிள் செய்து ஓட்டிப் பார்த்தபின் கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாக வைக்கச் சொன்னேன். ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு ஆடினால் போர்டு கெடும். எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, மானிட்டரை மேல் பெர்த்தில் என் கால்மாட்டில் படுக்க வைத்து, விடிகாலையில் சிவகாசியில் இறங்கினேன்.

வீட்டில் மாட்டியபின் செய்ய வேண்டியவை சில உண்டு, கடைகளில் யாரும் சொல்வதில்லை. ஏஎம்5 போர்டு முதல்முறை ஆன் ஆகும்போது ராமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடம் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும், பயந்து ஆஃப் செய்யக் கூடாது. 6000 என்று வாங்கிய ராம், போர்டின் பயாஸ் செட்டிங்கில் எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை ஆன் செய்யும்வரை குறைந்த வேகத்திலேயே ஓடும். மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 165 ஹெர்ட்ஸ் என்று மாற்றாவிட்டால் வாழ்நாள் முழுக்க 60-இல்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். விண்டோஸ் 11-இல் வேலரண்டுக்கு டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் ஆன் ஆகியிருக்க வேண்டும். என்விடியாவில் ஸ்டுடியோ டிரைவர், கேம் ரெடி டிரைவர் என்று இரண்டு உண்டு. நான் ஸ்டுடியோவைப் போட்டேன், கேம் அதிலேயே ஒழுங்காக ஓடுகிறது.

யுபிஎஸ் மட்டும் உள்ளூரிலேயே வாங்கினேன். வழக்கமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட்ஸ் தாங்கும். கேம் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்து இந்த செட் 300-ஐ நெருங்கலாம், பழைய பேட்டரி என்றால் கரண்ட் போன நொடியே யுபிஎஸ்ஸும் கைவிட்டுவிடும். 1 கேவிஏ-வாக எடுத்தேன். ஃபைலை சேவ் செய்து ஷட்டவுன் கொடுக்க அது போதும். கேமில் பாஸ் சண்டை நடுவில் கரண்ட் போனால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை.