480 மீட்டரில் நின்ற சிறுவன்

பதின்மூன்று வயதுக்குட்பட்ட எங்கள் கால்பந்துக் குழுவுக்கு ஆண்டில் மூன்று முறை, ஓடும் தாங்குதிறனை அளக்கும் யோ-யோ சோதனை நடத்துகிறேன். சென்ற ஜூன் மாதச் சோதனையில் ஒருவன் 1,040 மீட்டர் ஓடினான். அவனைவிட இரண்டே மாதம் இளையவன் 480 மீட்டரில் நின்றுவிட்டான். சில வாரங்களுக்குப் பின் நடந்த ஒரு தேர்வு முகாமில், இதேபோன்ற ஓர் ஓட்டத்தை முதலில் வைத்து, பந்து அவன் காலில் இருக்கும்போது எப்படி ஆடுகிறான் என்று ஒருமுறைகூடப் பார்க்காமலேயே, அந்த இரண்டாமவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் குழுவில் இடைவெளி பார்த்துப் பந்தை அனுப்பத் தெரிந்தவர்களில் அவனே முதல்வன் என்பதால், அந்தத் தீர்ப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

யோ-யோ என்ற பெயர் நம்மில் பலருக்குக் கிரிக்கெட் செய்திகள் வழியாகவே, இந்திய அணிக்கு வைக்கப்பட்ட 16.1 என்ற தேர்ச்சி எல்லையோடு சேர்ந்து, அறிமுகமானது. ஆனால் அதை 1990களில் உருவாக்கிய டென்மார்க் நாட்டு உடலியலாளர் யென்ஸ் பாங்ஸ்போ கால்பந்தை மனத்தில் வைத்தே அதை வடிவமைத்தார். 20 மீட்டர் ஓடி, திரும்பி, மீண்டும் 20 மீட்டர் ஓடிப் புறப்பட்ட கோட்டை அடைய வேண்டும். பிறகு 10 விநாடி ஓய்வில், பின்னாலுள்ள 5 மீட்டர் தூரத்தை மெல்லக் கடந்து திரும்ப வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கும் ஓட்டத்தை ஒலிக்குறிப்புகள் படிப்படியாக விரைவுபடுத்துகின்றன. இரண்டு முறை ஒலிக்கு முன் கோட்டை எட்டத் தவறினால் சோதனை முடிந்துவிடும். கிரிக்கெட்டில் பேசப்பட்ட அந்த 16.1, அதாவது 16ஆம் வேகநிலையின் முதல் ஓட்டம், இந்தக் கணக்கில் 1,120 மீட்டர். 1968இல் கென்னத் கூப்பர் அறிமுகப்படுத்திய பன்னிரண்டு நிமிட ஓட்டத்தைவிட இதையே நான் விரும்புவதற்குக் காரணம், கால்பந்தில் யாரும் ஒரே வேகத்தில் பன்னிரண்டு நிமிடம் ஓடுவதில்லை; பாய்ந்து, நின்று, திரும்பி, மூச்சை மீட்டுக்கொண்டு மறுபடியும் பாய்கிறார்கள்.

சோதனை நல்லதுதான், வளரும் உடலில் அது தரும் எண்ணை வாசிப்பதில்தான் தவறுகிறோம். சிறுவர்களின் உயரம் மிக விரைவாகக் கூடும் காலம் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி வருகிறது. சிறுமிகளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. ஆனால் ஒருவனுக்குப் பன்னிரண்டிலும் இன்னொருவனுக்குப் பதினைந்திலும் அது வரலாம் என்பதால், ஒரே வகுப்பில் படிக்கும் இருவரின் உடல் முதிர்ச்சியில் சில ஆண்டு வித்தியாசம் இருப்பது இயல்பு. முன்னதாக வளர்ந்தவனுக்குக் கால் நீளம், எடுத்துவைக்கும் அடியின் நீளம், திரும்பும் இடத்தில் உடலை நிறுத்தித் தள்ளும் தசை வலிமை, இதயத்தின் அளவு எல்லாமே கூடுதல். அவனுடைய 1,040 மீட்டரில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, வளர்ச்சியின் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஒற்றை எண் பிரித்துக் காட்டாது. இங்கிலாந்தில் பிரீமியர் லீக் அகாடமிகள், வயதை ஒதுக்கிவிட்டு உடல் முதிர்ச்சியின்படி சிறுவர்களைப் பிரித்துப் போட்டிகள் நடத்திப் பார்த்ததும் இந்தச் சிக்கலை உணர்ந்துதான்.

அதனால் இப்போது சோதனைக்கு முந்தைய மாலையே ஒவ்வொருவரின் உயரத்தையும் எடையையும், உட்கார்ந்த நிலையிலான உயரத்தையும் குறித்துக்கொள்கிறேன். உடல் உயரத்தில் கால்கள் முதலிலும் முதுகு பின்னரும் விரைந்து நீள்வதால், உட்கார்ந்த உயரத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவன் வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று ஓரளவு ஊகிக்கலாம். துல்லியமான அளவு அல்ல, ஆனாலும் வெறும் பிறந்த தேதியைவிட மேல்.

நடத்தும் விதத்திலும் கவனம் வேண்டும். நம் ஊர் வெயிலில் காலை ஆறரைக்கு ஓடியதையும் ஒன்பதரைக்கு ஓடியதையும் ஒப்பிடவே கூடாது. மணல் இளகிக் கிடக்கும் மூலையில் திரும்புபவன் ஒவ்வொரு முறையும் அரை அடியை இழக்கிறான். 20 மீட்டரைக் காலடியால் அளக்காமல் டேப் பிடித்து அளக்க வேண்டும். முதன்முறை ஓடும் சிறுவன் ஒலியின் தாளம் பிடிபடாமல் தொடக்கத்திலேயே விரைந்து களைத்துவிடுவான். ஆகவே முதல் ஓட்டத்தை ஒத்திகையாகவே கொள்கிறேன். போட்டிப் பருவத்தின் நடுவில் முழுமூச்சாக ஓடவைக்காமல், ஆறு நிமிடத்தோடு நிறுத்தி நாடித்துடிப்பை மட்டும் எண்ணுவதும் உண்டு. அதே வேகத்துக்குத் துடிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தால் தாங்குதிறன் கூடியிருக்கிறது என்று பொருள். 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கைச் சிறுவர்களிடம் நான் பயன்படுத்துவதில்லை. அந்த வயதில் அது பொருந்துவதில்லை.

என் குறிப்பேட்டில் ஒவ்வொரு சிறுவனுக்கும் தனிப் பக்கம் உண்டு. தரவரிசைப் பட்டியல் கிடையாது. 480 மீட்டரில் நின்றவனின் பக்கத்தில் அக்டோபரில் 600, பிப்ரவரியில் 720 என்று எழுதியிருக்கிறேன். இடையில் அவன் உயரம் இரண்டு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை. அடுத்த முகாமுக்கு அவனை அனுப்பும்போது அந்தப் பக்கத்தின் நகலையும் கொடுத்து அனுப்பப் போகிறேன்; ஓட்டம் வைப்பதற்கு முன் அவனைப் பத்து நிமிடம் ஆடவிட்டுப் பாருங்கள் என்று தேர்வாளர்களுக்கு இப்போதே கடிதம் எழுதிவிட்டேன்.