மருத்துவ அட்டையும் சம்பளச் சீட்டின் மூன்றாவது வரியும்

அயர்லாந்தில் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால் பிடித்தங்கள் மூன்று வரிகளில் இருக்கும். பி.ஏ.ஒய்.இ. என்பது வருமான வரி. பி.ஆர்.எஸ்.ஐ. என்பது சமூகக் காப்பீட்டுச் சந்தா. பிற்காலத்தில் ஓய்வூதியம் கிடைப்பது அதன் பேரில்தான். மூன்றாவது யு.எஸ்.சி., அதாவது யுனிவர்சல் சோஷியல் சார்ஜ் என்கிற தனிப் பிடித்தம். வங்கிகள் சரிந்து நாடே கடனில் தத்தளித்த நாட்களில், அதுவரை தனித்தனியாக இருந்த வருமான லெவியையும் சுகாதார லெவியையும் ஒன்றாக்கி 2011 ஜனவரியில் இதைக் கொண்டுவந்தார்கள். ஆண்டு வருமானம் 13,000 யூரோவைத் தாண்டிவிட்டால் முதல் யூரோவிலிருந்தே இதைப் பிடிப்பார்கள். மணமானவர்களுக்கும் சம்பளக்காரர்களுக்கும் வருமான வரியில் கிடைக்கிற கழிவுகள் எதுவும் இதன் பக்கம் எட்டிப் பார்க்காது.

ஊரிலிருந்து வந்து சேர்ந்த நாங்கள் முதல் வரியைப் பற்றித்தான் ஓயாமல் பேசுகிறோம். மூன்றாவது வரி எல்லோருக்கும் ஒரே மாதிரி என்ற எண்ணம் எப்படியோ பரவியிருக்கிறது. அது சரியல்ல. ஆண்டு வருமானம் 60,000 யூரோவுக்குள் இருந்து, வயது 70 ஆகியிருந்தாலோ, அதற்குக் குறைந்த வயதில், இலவச மருத்துவத்துக்காக அரசு கொடுக்கும் முழு மருத்துவ அட்டை கையில் இருந்தாலோ, யு.எஸ்.சி. குறைவு. முதல் 12,012 யூரோவுக்கு 0.5 சதவீதம், மிச்சம் அத்தனைக்கும் 2 சதவீதம். மற்றவர்களுக்கு 2025இல் 27,382 யூரோவைத் தாண்டியதும் 3 சதவீதம். 2024இல் அது 4, அதற்கு முந்தைய ஆண்டில் 4.5.

நான் டப்ளினுக்கு வடக்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, டயாலிசிஸுக்குப் போய்வரத் தொடங்கியபோது அவரால் வேலையைத் தொடர முடியவில்லை. மருத்துவ அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொன்னது மருத்துவமனையில் இருந்த சமூகப் பணியாளர். என் சம்பளத்தைப் பார்த்தால் கிடைக்காது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் கையில் வரும் சம்பளத்திலிருந்து வீட்டு வாடகையையும் வேலைக்குப் போய்வரும் செலவையும் கழித்துவிட்டுத்தான் வரம்போடு ஒப்பிடுகிறார்கள். இந்த ஊர் வாடகை கொடுக்கிறவர்களுக்கு அந்தக் கழிவு சாதாரணமானதல்ல. வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அனுப்பினோம். அட்டை வந்தது. அவர் பெயருக்கு மட்டுமல்ல, என் பெயருக்கும் பிள்ளைகள் பெயருக்கும் வந்தது. அதன் பிறகு டாக்டருக்குக் கட்டணம் இல்லை. மருந்துக்கடையில் ஒரு மருந்துக்கு ஒன்றரை யூரோ, மாதத்துக்குக் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து 15 யூரோவுக்கு மேல் போகாது. மாத்திரைப் பட்டியல் ஒரு முழத்துக்கு நீளும் வீட்டில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அட்டை கொடுப்பது எச்.எஸ்.இ. என்கிற பொதுச் சுகாதாரத் துறை. வரி பிடிப்பது ரெவென்யூ. ஒரு துறை கொடுத்ததை மறு துறை தானாகத் தெரிந்துகொண்டு வரியைக் குறைத்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது. வயதைப் பொறுத்தவரை ரெவென்யூவின் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கிறது. அட்டையைப் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும். பி.பி.எஸ். எண் என்கிற அரசு அடையாள எண்ணை வைத்து மை அக்கவுண்ட் என்ற இணையக் கணக்கில் நுழைந்து, முழு மருத்துவ அட்டை இருக்கிறது என்பதைப் பதிந்துவிட்டால் போதும். புதிய விகிதம் முதலாளியின் சம்பளக் கணக்குக்கு நேரே போய்விடும்.

என்னை இதைச் செய்ய வைத்தவர் என்னோடு இரவுப் பணியில் இருந்த மலையாள அக்கா. தன் சீட்டையும் என் சீட்டையும் மேசையில் அருகருகே வைத்து, யு.எஸ்.சி. வரியில் விரல் வைத்துக் காட்டினார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். அந்த வரி மட்டும் வேறு. அவர் வீட்டிலும் நோயாளி உண்டு, அட்டை உண்டு.

என் தயக்கம் வேறொன்று. கணவரின் நோயைப் பற்றி வேலையிடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்தச் சலுகை கேட்டால் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ, இவளுக்கு இனி அடிக்கடி விடுப்பு தேவைப்படும் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்தேன். முதலாளிக்குப் போகிற அறிவிப்பில் விகிதமும் வரம்பும்தான் இருக்கும், காரணம் இருக்காது. இதை அறிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இதே பயத்தோடு வாய் திறக்காமல் இருக்கும் பெண்கள் நம்மிடையே பலர் இருப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்காகவே இதை விவரமாக எழுதுகிறேன்.

எவ்வளவு மிச்சம் என்று கேட்பார்கள். ஆண்டுக்கு 34,000 யூரோ வாங்குகிறவருக்கு 2025 விகிதப்படி 566 யூரோ யு.எஸ்.சி. போகும், சலுகையில் அது ஏறக்குறைய 500. வித்தியாசம் 66 யூரோ. பெரிய பணமில்லைதான். ஆனால் 2023இல் விகிதமும் வேறு, வரம்பும் வேறு; அதன்படி அதே சம்பளத்துக்கு வித்தியாசம் 277 யூரோ. நான்கு ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போய்க் கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம் என்பதால் பழைய ஆண்டுகளில்தான் பணம் தேங்கிக் கிடக்கிறது. அந்த ஆண்டுகளில் அட்டை வைத்திருந்தவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டுக்கான கோரிக்கைக்கு 2026 டிசம்பர் 31 கடைசி நாள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். டாக்டரைப் பார்க்க மட்டும் பயன்படுகிற ஜி.பி. விசிட் அட்டை என்று தனியாக ஒன்று இருக்கிறது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருமானம் பார்க்காமல் கொடுப்பதால் நம் வீடுகள் பலவற்றில் அது இருக்கும். யு.எஸ்.சி. சலுகைக்கு அது செல்லாது. முழு மருத்துவ அட்டை வேண்டும், அதுவும் சம்பளம் வாங்குகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும்.

60,000 என்ற எல்லை எனக்குக் கொடுமையாகப் படுகிறது. சரியாக 60,000 வாங்குகிறவருக்கு 2025இல் இந்தச் சலுகையால் 326 யூரோ மிச்சம். ஒரு யூரோ கூடினால் மொத்தமும் போய்விடும். படிப்படியாகக் குறைகிற ஏற்பாடு இல்லை. ஆண்டு முடிவில் கூடுதல் நேர வேலையை ஒத்துக்கொள்ளும் முன் நோயாளி வீட்டார் இதைப் பார்த்துக்கொள்ளட்டும். நல்ல வேளையாகக் கணவன், மனைவி வருமானத்தைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொருவர் கணக்கும் தனி.

எங்கள் தெருவில் தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், ஓர் உணவகத்தின் சமையலறையில் வாரத்தில் சில நாள் வேலை. அரசு ஓய்வூதியமும் சம்பளமும் சேர்ந்தால் வரி விழுங்கிவிடும் என்று வேலையை விடப் பார்த்தார். யு.எஸ்.சி.க்கு அரசு ஓய்வூதியம் கணக்கிலேயே வராது; 60,000 எல்லைக்கும் சரி, 13,000 எல்லைக்கும் சரி. அவருடைய சம்பளம் மட்டும் பார்த்தால் 13,000க்குள்தான். ஆகவே அந்த வரியில் அவருக்குச் சுழியம். வருமான வரிக்கு ஓய்வூதியமும் சேரும், அதை மறுக்கவில்லை. ஆனால் 65 வயதானால் தனியாளுக்கு 18,000, தம்பதிக்கு 36,000 யூரோ வரை அதிலும் விலக்கு உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, செய்யப் பிடித்த வேலையை விட்டுவிட இருந்தார்.

“சும்மா கொடுக்கிற காசு நமக்கு எதுக்கும்மா?” என்று அவர் முதலில் கேட்டதையும் சொல்ல வேண்டும். இது யாரும் கொடுக்கிற காசு இல்லை, நீங்கள் உழைத்த சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்று சட்டம் எழுதிவைத்த விகிதம் என்று சொன்னேன். படிவத்தை நிரப்ப மொழி தடையாக இருக்கிறவர்கள் சிட்டிசன்ஸ் இன்ஃபர்மேஷன் என்கிற பொதுமக்கள் தகவல் மையங்களுக்குப் போகலாம். கட்டணம் இல்லை, சொன்னது வெளியே போகாது. அண்ணாச்சியோடு நானும் போயிருந்தேன். அங்கிருந்த அம்மா அவர் சம்பளச் சீட்டை வரிவரியாக விளக்கி, அரசு ஓய்வூதியத்தைத் தனியாக ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அண்ணாச்சி இப்போதும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.